ஜும்ரா: புதிய மாணவனும் கூடிக் கற்கும் மரபும்

திருவண்ணாமலையை ஒட்டி, வேலூர்ச் சாலையில் அமைந்துள்ளது வேங்கிக்கால். 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. இன்று ஆட்சியர் அலுவலகம் அமைந்திருப்பது இவ்வூரில்தான். கல்வி தேடிப் புறப்படும் இருவகை மாணவர்களை ஆண்டுதோறும் இச்சாலை காண்கிறது. ஷவ்வால் பிறந்ததும் பெட்டியும் படுக்கையுமாக வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற அரபிக் கல்லூரிகளை நாடிச் செல்வோர் ஒரு சாரார். கோடை விடுமுறை கழிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுடன் அரசு கலைக் கல்லூரிக்கும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கும் செல்வோர் மற்றொரு சாரார். குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்விக்குச் செல்பவர்கள் இரு சாராரிலும் உளர். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளாக இவர்கள் இருப்பதும் உண்டு.

ஆயினும் சேர்ந்த முதல் நாளில் இவர்கள் பெறும் பெயர் வேறு வேறு. கலைக் கல்லூரியில் சேர்ந்தவன் ‘முதலாண்டு’ மாணவன். அரபிக் கல்லூரியில் சேர்ந்தவன் ‘முதல் ஜும்ரா’ மாணவன். ஜும்ரா என்பது காலத்தைக் குறிக்கும் சொல்லன்று. கூட்டம், குழாம் என்று பொருள்படுவது. திருக்குர்ஆனின் 39-ஆம் அத்தியாயத்திற்குப் பெயராய் அமைந்த ‘ஸுமர்’ இச்சொல்லின் பன்மையே. அரபுநாட்டுப் பள்ளிகளில் வகுப்பை ‘ஸஃப்’ என்பர், அதாவது வரிசை. வடநாட்டு மதரஸாக்களில் ‘தரஜா’ என்பர், அதாவது படி. தமிழக அரபிக் கல்லூரிகளில் நிலைத்த சொல் ஜும்ரா. மாணவன் ஓர் ஆண்டுக்குள் நுழைவதில்லை, ஒரு குழாத்திற்குள் நுழைகிறான் என்னும் கருத்தை இச்சொல் சுமந்து நிற்கிறது. அக்கருத்து எங்கிருந்து வந்தது, கல்லூரிக் கல்வியில் அது எவ்வாறு விடுபட்டது என்பதை ஈண்டு நோக்குவோம்.

மதீனத்துப் பள்ளிவாசலின் திண்ணைத் தோழர்களிலிருந்தே இவ்வரலாறு தொடங்குகிறது. உற்றார் உறவினரையும் உடைமைகளையும் விட்டு வந்தவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அளித்த உறைவிடமே ஸுஃப்பா. ஹிஜ்ரி 7-இல் வந்து சேர்ந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் அத்திண்ணையில்தான் தங்கினார்கள். உணவும் பாடமும் தோழமையும் அங்கு ஒன்றாகவே கிடைத்தன. வாசகர்கள் நன்கறிந்த செய்தியாதலின் இதனை விரிக்க வேண்டியதில்லை.

புதிய மாணவனின் தொடக்க நாள்களைத் தனியே எண்ணிப் பார்த்தவர் இமாம் ஸர்னூஜி (ரஹ்) அவர்கள். ‘ஹிதாயா’ ஆசிரியர் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் மாணவர் இவர். ‘தஃலீமுல் முதஅல்லிம்’ என்னும் தம் நூலில், எக்கல்வியை, எந்த ஆசிரியரை, எந்தத் தோழனைத் தேர்வது என்னும் மூன்றையும் ஒரே இயலில் வைத்துப் பேசுகிறார். பாடத் தோழன், ஆசிரியருக்கு இணையாக எண்ணப்படுகிறான். புகாராவுக்குக் கல்வி கற்கப் புறப்பட்ட மாணவன் ஒருவன் ஸமர்கந்து அறிஞர் ஒருவரிடம் ஆலோசனை கேட்ட செய்தியும் அதில் வருகிறது. சென்றவுடன் ஆசிரியர்களிடம் ஓடாதே, இரண்டு மாதம் தங்கி நோக்கியபின் தேர்ந்துகொள் என்பது அவர் கூறிய அறிவுரையின் சாரம். அவசரப்பட்டு ஒருவரிடம் சேர்ந்து, பிடிக்காமல் விட்டு வேறொருவரிடம் போனால் கல்வியில் பரக்கத் இராது என்பது அவர் காட்டும் காரணம். சேர்க்கைக்கான கடைசி நாளுக்குள் பாடப்பிரிவைத் தேர்ந்தே ஆகவேண்டிய இக்காலத்து மாணவனுக்கு அந்த இரண்டு மாதம் வாய்ப்பதில்லை.

தொலைவிலிருந்து வரும் மாணவனுக்கு நிலையான ஏற்பாட்டைச் செய்துவைத்தது கெய்ரோவின் அல்அஸ்ஹர். 970-இல் கட்டத் தொடங்கிய அப்பள்ளிவாசலில், பிற்காலத்தில் ‘ரிவாக்’ எனப்படும் விடுதிப் பகுதிகள் தோன்றின. மக்ரிபியருக்கு ஒன்று, சிரியா நாட்டவருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, ஜாவாவினருக்கு ஒன்று, எகிப்தின் தென்பகுதியினருக்கு ஒன்று என அவை ஊர்வாரியாக அமைந்தன. ஒவ்வொரு ரிவாக்கிற்கும் ஒரு ஷைகு இருந்தார். வக்ஃபு வருவாயிலிருந்து அன்றாட ரொட்டி அளக்கப்பட்டது. மொழி தெரியாத ஊரில் தன் ஊர்ப் பேச்சைக் கேட்கும் ஆறுதலும் அந்த ரொட்டியோடு சேர்ந்தே கிடைத்தது.

ஆனால் ஏற்பாடு இருப்பது வேறு, அதற்குள் புதியவன் சேர்க்கப்படுவது வேறு. இதற்குச் சான்றாக நிற்பது தாஹா ஹுஸைனின் தன்வரலாறான ‘அல்அய்யாம்’. (அவருடைய பிற்காலக் கருத்துகள் பலவற்றில் நமக்கு உடன்பாடில்லை, அஸ்ஹர் மாணவ வாழ்வைப் பற்றிய அவரது சாட்சியத்தின் மதிப்பு அதனால் குறைவதில்லை.) கண்பார்வையற்ற அச்சிறுவர் 1902-இல் சிற்றூரிலிருந்து கெய்ரோ வந்து, அஸ்ஹரில் பயின்றுகொண்டிருந்த தம் அண்ணனுடன் தங்கினார். அண்ணனின் தோழர்கள் அருகிலிருந்த அறையில் கூடுவர், தேநீர் அருந்துவர், அன்றைய பாடத்தை அலசுவர், ஆசிரியர்களைப் பற்றிப் பேசிச் சிரிப்பர். மிகச் சிறந்த ஒரு கற்கும் குழாம் அது. இவரோ தனியறையில் இருளில் அமர்ந்து அவர்களின் குரலையும் சிரிப்பையும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து செல்ல நாணம், அழைப்பார் இல்லை. அந்நாள்களின் தனிமையையும் இரவின் அச்சத்தையும் அவர் விரித்துரைக்கும் பக்கங்கள் படிப்போர் மனத்தை விட்டு அகலா. அவரை மீட்டது பாடநூலன்று, ஆசிரியருமல்லர். அவருடைய உறவினரான ஒத்த வயதுச் சிறுவர் ஒருவர் படிக்க வந்து சேர்ந்தார். அன்றோடு அத்தனிமை முடிந்தது. பல நூற்றாண்டுப் பெருமை வாய்ந்த ஒரு கல்வி நிலையம் செய்யத் தவறியதை ஒரு தோழனின் வருகை செய்தது.

நம் நாட்டு மதரஸாக்களில் இக்குறையை ஓரளவு நிரப்பியது ‘தக்ரார்’ என்னும் வழக்கம். லக்னோ ஃபிரங்கி மஹல்லின் முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) அவர்களின் பெயரால் வழங்கும் ‘தர்ஸே நிஜாமி’யின் கடினமான நூல்களை ஒருமுறை கேட்டு விளங்கிக்கொள்ள இயலாது. ஆசிரியர் நடத்திய பாடத்தை, மாணவர்களுள் தேர்ந்த ஒருவர் மற்றவர்களுக்கு மீண்டும் ஓதிக் காட்டுவார்; அவர்கள் இடைமறித்து வினவுவர். நம் பேச்சுவழக்கில் உள்ள ‘தகராறு’ இச்சொல்லின் திரிபே என்பது சுவையானது. திரும்பக் கூறுவது வாதமாகி, வாதம் சண்டையான கதை அது! நிஜாமுத்தீன் அவர்களின் மைந்தர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்கள், நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்து கற்பித்து, 1810-இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமானார்கள். தர்ஸே நிஜாமி தென்னகத்தில் வேரூன்ற அவர்களின் வருகை பெருந்துணையாயிற்று.

நம் ஆசிரியப் பணியில் கண்டவரை, முதல் ஜும்ரா மாணவனைத் தாங்கி நிறுத்துவது இந்தத் தக்ராரே. வீட்டு நினைவில் கலங்கியிருக்கும் பையனுக்கு, இஷாவுக்குப் பின் ‘மீஸான்’ நூலின் வினைவாய்பாடுகளை உடனிருந்து ஓதவைக்கும் மூத்த மாணவன் இலக்கணத்தை மட்டும் கற்பிப்பதில்லை. ஊர் திரும்பாமலும் அவனைக் காக்கிறான். பட்டம் பெற்றபின் பாகவி, மன்பயீ, ஜமாலி, உமரி எனத் தாம் கற்ற நிலையத்தின் பெயரை ஆலிம்கள் வாழ்நாள் முழுதும் தாங்கி வருவது அந்தக் குழாத்தின் உறவால்தான்.

இம்மரபு கலைக் கல்லூரிக்குள் ஏன் வரவில்லை? 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அது இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தேர்வு நடத்தும் அமைப்பாகவே தோன்றியது. தேர்வெழுதுபவன் தனியன், எனவே மாணவனும் தனியன் ஆனான். இதை மாற்ற முயன்றவர் ஸர் ஸையித் அஹ்மது கான். 1869-70-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜைக் கண்டு திரும்பியவர், 1875-இல் அலிகரில் தொடங்கிய பள்ளியையும் அதிலிருந்து வளர்ந்த கல்லூரியையும் மாணவர் உடனுறைந்து கற்கும் இடமாக்கினார். அங்கு 1890-இல் உருவான ‘அஞ்சுமனுல் ஃபர்ஸ்’ வழியே மாணவர்களே ஏழை மாணவர்களுக்காக நிதி திரட்டினர். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மெய்க்கிள்ஜான் 1927-இல் ஒரு சோதனைக் கல்லூரியை நிறுவினார். முதலிரண்டு ஆண்டு மாணவர்கள் ஆசிரியர்களுடன் ஒரே விடுதியில் கூடி, முதலாண்டு முழுதும் பண்டைய ஏதென்ஸைப் பற்றியே பயின்றனர். 1932-இல் அது மூடப்பட்டது. எனினும் முதலாண்டு மாணவர்களைக் குழுவாக இணைக்கும் இன்றைய அமெரிக்கத் திட்டங்கள் அதனையே தம் மூதாதையாகக் கொள்கின்றன.

தமிழகத்தில் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி, சென்னைப் புதுக்கல்லூரி (இரண்டும் 1951) எனச் சமுதாயத்தின் கொடையால் எழுந்த கல்லூரிகள் பல. அவற்றில் பள்ளிவாசலும் விடுதியும் அமைந்தன. ஆயின் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தக்ராருக்கு ஒரு மணி நேரமும் இடமில்லை. மூத்தோர்–இளையோர் உறவை ஒழுங்குபடுத்தும் மரபு இல்லாத விடுதிகளில் அவ்வுறவு என்னவாகும் என்பதைத் தமிழகம் 1996-இல் கண்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவர் கையால் கொலையுண்டார். 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. சட்டம் தீங்கைத் தடுக்கும், தோழனைத் தராது.

2017-இல் தொழில்நுட்பக் கல்விக் குழுவும், 2019-இல் ‘தீக்ஷாரம்ப்’ என்ற பெயரில் பல்கலைக்கழக மானியக் குழுவும் புதிய மாணவர்களுக்கான அறிமுகத் திட்டங்களை வகுத்தன. சுமார் 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்னும் ஏற்பாடு அவற்றில் உண்டு. இது ஜும்ராவை நெருங்கி வருவதே. ஆனால் தொடக்க வாரங்கள் கழிந்ததும் அந்த 20 பேரைச் சேர்த்துவைக்க என்ன இருக்கிறது? அவர்களுக்கு வேண்டுவது அன்றாடப் பாடத்தை மீள ஓதும் ஒரு வேளை.

அரபிக் கல்லூரியின் வழக்கத்தை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்பதையும் கூறவேண்டும். வேங்கிக்காலைக் கடந்து செல்லும் கல்லூரி மாணவர் பலர் போளூர், செங்கம் பகுதிகளிலிருந்து பேருந்தில் வந்து மாலைக்குள் திரும்புபவர்கள். இஷாவுக்குப் பின் கூடும் தக்ரார் அவர்களுக்கு இயலாது. வகுப்பு முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் இயலும். கல்லூரிக்கு அருகிலுள்ள ஜமாஅத்துகள், லுஹருக்கும் அஸருக்கும் இடையே பூட்டிக் கிடக்கும் தம் மதரஸா அறைகளை அதற்காகத் திறந்துவிடலாம். பாடம் சொல்லித் தர இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் போதும். ரிவாக்குகளைப் போல ஊர்வாரியாகப் பிரியாமல் பாடவாரியாக அமருவதாயின், சமய வேறுபாடின்றி உடன் பயிலும் தோழர்களும் அங்கே வந்து அமரலாம்.