மூணாறு கிறிஸ்து ஆலயமும் கல்லறைத் தோட்டமும்

இடுக்கி மாவட்டம் மூணாறில், பழைய ஊர்ப் பகுதியை ஒட்டிய குன்றில் உள்ள கருங்கல் தேவாலயமும் அதற்குப் பின்னால் மலைச்சரிவில் அமைந்த இடுகாடும். போடிமெட்டு வழியே ஏறும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை மூணாறைத் தொட்டே செல்கிறது.

கோயில் எழும்பிய பிறகு அதையொட்டி இடுகாடு அமைவதே வழக்கம். இங்கே இடுகாடுதான் மூத்தது. தோட்ட நிர்வாகி ஹென்றி மேன்ஸ்ஃபீல்டு நைட்டை மணந்து இங்கிலாந்திலிருந்து வந்த எலினார், வந்த சில நாட்களிலேயே, 1894 டிசம்பரில் காலரா கண்டு இறந்தார். வயது 24. இறப்பதற்குச் சற்று முன் கணவரோடு இந்தக் குன்றில் ஏறியவர், தான் செத்தால் இங்கேயே புதைக்கும்படி விளையாட்டாகச் சொன்னாராம். சொன்னாரோ இல்லையோ, முதல் கல்லறை அவருடையது. துரைமார் குடும்பங்களின் மற்றக் கல்லறைகள் பின்னர் சேர்ந்தன. ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1910இல். வழிபாடு தொடங்கியது 1911 ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறன்று.

ஜான் டேனியல் மன்றோ 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடம் குத்தகைக்கு எடுத்த மலை இது. இதற்கு ஆளும் பொருளும் பெருமளவில் ஏறியது போடிப் பக்கமிருந்துதான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் காளைகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அது நீராவி ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி குரங்கணியை அடுத்த கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடியோடு பெயர்த்தது. மதுரை–போடி ரயில் 1928இல் வந்து சேர்ந்தபோது, மேலே மலை ரயில் போய் நான்கு ஆண்டு ஆகியிருந்தது. ரோப்வேயின் எச்சங்களை டாப் ஸ்டேஷனில் இன்றும் காணலாம். மூணாறு ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாக மாறிவிட்டது.

ஆலயச் சுவர்களில் தோட்டத் துரைமாரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள் உள்ளன. கங்காணிகள் திரட்டிவர மலையேறிய தமிழ்த் தொழிலாளர்களை அந்தத் தகடுகளில் தேட வேண்டாம். அவர்கள் அடங்கியது லயங்களுக்கு அப்பால் ஒதுக்கிய தோட்டத்து நிலத்தில், பெரும்பாலும் பெயர்க்கல் இல்லாமலே. மலையின் பழமையைச் சொல்லும் பயண ஏடுகள் எலினாரோடு நின்றுவிடுவது குறைதான்.

ஆலயம் இப்போது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஆராதனை நடக்கிறது.