கை நனைக்காமல் போகலாமா?

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் செல்வோர் தமிழ்நாட்டின் எல்லையைக் கடக்குமுன் காணும் ஊர்களுள் ஆரம்பாக்கமும் ஒன்று. அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. ஏரியைச் சூழ மீனவர் குப்பங்கள். அதன் தென்முனையில், தலைமுறை பலவாக முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்துவரும் பழவேற்காடு. இப்பகுதிக்கு நாம் சென்றுவந்த ஒரு நாளின் நினைவே இக்கட்டுரைக்கு வித்திட்டது.

அன்று காலை பத்து மணிக்கும் நண்பகலுக்கும் இடையே நான்கு வீடுகளுக்குச் சென்றோம். நான்கிலும் தேநீர், நான்கிலும் தட்டு நிறையப் பலகாரம். நம்முடன் வந்த பெரியவருக்கு நீண்ட காலமாக நீரிழிவு நோய். "எனக்கு ஆகாதம்மா" என்று அவர் கையெடுத்துக் கூறியும் பயனில்லை. "ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது மாமா. எங்கள் வீட்டில் கை நனைக்காமல் போகலாமா?" என்று அன்பொழுகக் கேட்டார்கள். மூன்றாம் வீட்டோடு அவர் மறுப்பதையே விட்டுவிட்டார். நான்காம் வீட்டில் நாம் கண்ட காட்சி வேறு. அவ்வீட்டுச் சிறுமி ஒரு கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, சர்க்கரை கடன் வாங்கப் பின்வாசல் வழியே அண்டை வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். உண்ணக்கூடாதவர் உண்டார், இல்லாதவர் கடன்பட்டார். இருவரையும் இந்நிலைக்கு ஆளாக்கியது எது? "மரியாதை" என்றே இருவரும் விடையளித்திருப்பர்.

வேளைக்கு வேளை உண்ணும் உணவுக்கு இடையே, வந்தவருக்கு எதையேனும் ஊட்டியே தீரவேண்டும் என்னும் இம்மரியாதை எக்காலத்தது? நம் முன்னோர் வழிவழியாகக் காத்துவந்த பண்பா இது? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பலகாரம் நமக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சியிலேயே அப்பம் விற்கும் கூவியரையும் மோதகத்தையும் காண்கிறோம். எனினும் கடைத்தெருவில் விரும்பியவர் வாங்கி உண்பது வேறு. வீட்டுக்கு வந்தவர் எவராயினும், எந்நேரமாயினும் உண்டே ஆகவேண்டும் என்பது வேறு. வள்ளுவரும் இவ்விரண்டையும் குழப்பவில்லை. விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, முகம் திரிந்து நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவர் என்று எச்சரித்தவர் அவர். அவரே மருந்து என்னும் அதிகாரத்தில், முன் உண்டது செரித்ததை அறிந்தபின் உண்பவனுக்கு மருந்தே வேண்டா என்றும் கூறினார். முன்னது இன்முகத்தைப் பற்றியது. பின்னது இரைப்பையைப் பற்றியது. ஒன்றுக்காக மற்றொன்றைக் கெடுக்கும்படி அவர் எங்கும் சொல்லவில்லை.

அவ்வாறாயின் உணவு வேளையல்லாத நேரத்தில் வந்தவரை நம் முன்னோர் எவ்வாறு சிறப்பித்தனர்? பெரும்பாலும் தண்ணீரும் மோரும். அவற்றுக்கு மேல் வெற்றிலை பாக்கு. 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, மஅபர் என அரபியர் அழைத்த சோழமண்டலக் கரையிலும் தங்கிச் சென்ற மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, இந்நாட்டு மக்கள் வெற்றிலைக்கு அளித்த மதிப்பைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். விருந்தினருக்கு வெற்றிலை வழங்குவது பொன்னும் வெள்ளியும் வழங்குவதினும் மேலான மதிப்பாகக் கருதப்பட்டது என்பது அவர் தரும் செய்தி. பழவேற்காடோ பல நாட்டு விருந்தினரைக் கண்ட துறைமுகம். அங்கு 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர், நெடுங்காலம் அதையே சோழமண்டலக் கரையில் தம் தலைமையிடமாகக் கொண்டிருந்தனர். அக்காலத்து வணிகர் வீடுகளில் தேநீர்க் கோப்பை இல்லை. ஆயினும் மரியாதைக்குக் குறைவிருந்திருக்காது. தாம்பூலத் தட்டை நீட்டினால் அதைத் தொட்டு எடுத்துக்கொண்டாலே மரியாதை முழுமை பெற்றது. வயிறு நிறையவேண்டிய தேவை அங்கு எழவில்லை.

பிறகு வந்தவை காப்பியும் தேநீரும். காப்பி 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்தில் உறக்கம் வராதிருக்க அருந்திய பானம். மக்கள் காப்பிக் கடைகளில் கூடிப் பொழுது போக்குவதைக் கண்டு 1511இல் மக்காவின் அதிகாரி ஒருவர் அதற்குத் தடை விதித்ததும், அத்தடை நிலைக்காமற்போனதும் வரலாறு. தமிழ்நாட்டு வீடுகளில் அது புகுந்து வேரூன்றிய கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அந்நூலின் பெயரே நம் வினாவுக்குப் பாதி விடையாகும்.

தேநீரின் கதை இன்னும் வியப்புக்குரியது. இந்தியத் தேயிலை முதலில் ஏற்றுமதிச் சரக்காகவே விளைந்தது. அதன் விற்பனையைப் பெருக்குவதற்காகத் தோட்ட முதலாளிகளின் வேண்டுகோளின்படி 1903இல் தேயிலைத் தீர்வைச் சட்டம் இயற்றப்பட்டது. அத்தீர்வைப் பணத்தில் விளம்பரம் நடந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அயல்நாட்டு விற்பனை சரிந்தபோது, முதலாளிகளின் பார்வை உள்நாட்டு மக்கள்மீது முழுமையாகத் திரும்பியது. 1937இல் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் அமைந்தது. இந்திய மொழிகளில் சுவரொட்டிகள் அச்சாயின. ஊர் ஊராகச் சென்று தேநீர் தயாரிக்கும் முறையைச் செய்துகாட்டி இலவசமாக வழங்கினர். இரயில் நிலையங்களும் ஆலைகளும் சந்தைகளும் அவர்கள் தேடிச் சென்ற இடங்கள். 1899இல் சென்னையையும் விசயவாடாவையும் இணைத்த இரயில் பாதை ஆரம்பாக்கம் வழியாகவே செல்கிறது. இத்தகைய பாதைகளின் வழியேதான் புதிய பானங்கள் நகரத்திலிருந்து சிற்றூர்களுக்கு வந்துசேர்ந்தன.

தேநீர் வந்தபின் அது தனியே வரவில்லை. அதனுடன் சர்க்கரை வந்தது, பிஸ்கட் வந்தது, வடையும் பஜ்ஜியும் துணைக்கு வந்தன. வெறும் தேநீர் கொடுப்பது குறைவென்று கருதும் மனநிலையும் வந்தது. ஆக, தொன்மையான விருந்தோம்பல் என்று நாம் எண்ணி மயங்கும் இக்கட்டாயம், ஏறத்தாழ நூறாண்டுப் பழக்கமே. அதன் ஒரு பகுதி விளம்பரப் பணத்தால் வளர்க்கப்பட்டது. "ஒருவேளை உண்பான் யோகி, இருவேளை உண்பான் போகி, மூவேளை உண்பான் ரோகி" என்று சொல்லி வைத்த மக்களின் பிள்ளைகள், இன்று ஆறு வேளை உண்ணுமாறு ஒருவரை ஒருவர் வற்புறுத்திக்கொண்டிருக்கிறோம்!

இதன் விலை சிறிதன்று. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவு உடையோர் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4 பேர். இந்நோய்க்கு இடைவேளைத் தின்பண்டம் ஒன்றையே காரணமாக்குவது பிழையாகும். ஆயினும் நாம் செல்லும் வீடுகளில் நோயாளி ஒருவரேனும் இருப்பார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி மார்க்கம் காட்டும் வழியைக் காண்போம். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்துரைத்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். விருந்துபசாரம் மூன்று நாள் என்று வரையறுத்து, வீட்டாருக்குச் சுமையாகும்வரை தங்கவேண்டாம் என்று விருந்தினருக்கும் அறிவுறுத்தினார்கள். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்னும் நம் பழமொழி இதனோடு ஒத்திசைப்பதைக் காண்க. வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற அறிவுரையையும் நாம் அறிவோம். பசியிருந்தும் வேண்டாம் என்ற பெண்களிடம், பசியையும் பொய்யையும் ஒன்று சேர்க்காதீர்கள் என்று அவர்கள் அறிவுறுத்தியதை அஸ்மா பின்த் யஸீத் (ரலி) அறிவிக்கிறார்கள். பசித்தவர் வெட்கத்தால் மறுப்பது தகாதெனில், பசியற்றவர் வெட்கத்தால் உண்பது மட்டும் தகுமோ? இரண்டிலும் உண்மையன்றோ மறைக்கப்படுகிறது!

இன்னும் ஒன்று. விருந்துக்கு அழைக்கப்பட்டவர் நோன்பாளியாக இருப்பின், அழைத்தவருக்காகப் பிரார்த்திக்கட்டும் என்பது நாயக வழிகாட்டுதல். அழைப்பை ஏற்பது வேறு, உணவை ஏற்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த இயலாது. இதை நாம் ஆண்டுதோறும் நடைமுறையில் காண்கிறோம். ரமலான் மாதத்தில் பகலில் வருபவரை எவரும் உண்ணும்படி வற்புறுத்துவதில்லை; வந்தவர் கை நனைக்காமல் சென்றார் என்று எவரும் முகம் வாடுவதுமில்லை. அன்பு குறைந்தா போகிறது? ஒரு மாதம் இயலும் ஒன்று, மற்ற மாதங்களில் ஏன் இயலாது?

இயலும்; ஆனால் தனியொரு வீட்டால் இயலாது. ஒரு வீட்டார் மட்டும் தட்டு வைக்காவிட்டால் கருமி என்ற பெயர் வரும். ஒருவர் மட்டும் மறுத்தால் கர்வி என்பர். இதற்கு வழிகாட்டியும் ஏரிக்கரையிலேயே உண்டு. பழவேற்காடு ஏரி மீனவரிடையே 'பாடு' என்னும் முறை வழிவழியாக உள்ளது. எவர் எவ்விடத்தில் எப்போது வலை போடுவது என்பதை முறைவைத்தும் சீட்டுப்போட்டும் ஊரார் கூடி வரையறுத்துக்கொள்வர். தன் முறை வராத நாளில் வலையைச் சுருட்டி வைப்பவனை எவரும் இகழ்வதில்லை. அது ஊர் ஒப்புக்கொண்ட நெறி. தனிமனிதன் ஆசையை அடக்கும் சுமையை ஊரே பகிர்ந்துகொள்கிறது.

நம் குடும்பங்களும் இத்தகைய ஓர் ஒப்பந்தத்துக்கு வரலாகாதா? நெறி மிக எளியது. வந்தவரிடம் முதலில் தண்ணீர் கொடுப்போம், பிறகு "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒருமுறை கேட்போம். "வேண்டாம்" என்றால் அதை உண்மையென நம்புவோம். இருட்டில் ஏரிக்குப் போய்க் களைத்து வந்தவர் கேட்டால் மனமாரக் கொடுப்போம். மருத்துவர் சொற்படி இடையிடையே சிறிது உண்ணவேண்டிய நோயாளியும் இருக்கலாம், அவருக்கும் கொடுப்போம். முடிவு உண்பவருடையதாக இருக்கட்டும். மறுப்பவரும் வெறும் தலையசைப்போடு நில்லாமல், அவ்வீட்டாருக்காக ஒரு துஆச் செய்துவிட்டு எழட்டும்.

நம்முடன் வந்த பெரியவர் அன்று மாலை திரும்பும்போது பேருந்தில் தலை சாய்த்து நெடுநேரம் கண்மூடியிருந்தார். பிறகு, "அவர்கள்மீது குறையில்லை, அன்பில்தான் கொடுத்தார்கள்" என்றார். அது உண்மை. அந்த அன்பை அவர் உடலுக்கு ஊறில்லாமல் காட்டும் வழியை அவ்வீட்டாருக்கு இதுவரை எவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்கள் நாமல்லவா?