ஊர் மாறினால் கணக்கும் மாறும்

சொந்த ஊரில் தம்பி கட்டிய வீட்டின் செலவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளுருத்தியில் அதுபோன்ற வீடு கட்டத் தொடங்குவோர் நம்மவருள் உண்டு. சுவர் பாதி எழும்புமுன் பணம் தீர்ந்துவிடும். பின்னர்க் கொத்தனார்மீது ஐயமும் உடன்பிறந்தாரிடையே மனக்கசப்பும் விளையும். ஓர் ஊரின் கணக்கு மற்றோர் ஊருக்கு அப்படியே பொருந்தாது என்பதை நம் கொச்சியின் வரலாறே உணர்த்தும்.

கொச்சி அழிமுகத்தை நெடுங்காலம் ஒரு மணல்திட்டு மறித்து நின்றது. பெருங்கப்பல்கள் புறக்கடலிலேயே நங்கூரமிட்டன. 1920இல் இங்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ இவ்விடத்துக் கடலையும் மணலையும் ஆராய்ந்த பின்னரே திட்டம் வகுத்தார். தோண்டிய மண்ணைத் தொலைவிற் கொண்டுபோய்க் கொட்டுவது வீண்செலவு. இங்கோ அம்மண்ணைக் கொண்டே காயலிற் புதுநிலம் எழுப்பப்பெற்றது. அதுவே வில்லிங்டன் தீவு. 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைமுகம் புகுந்தது. வேறிடத்துக் கணக்கை நகலெடுத்திருந்தால், செலவே வரவான இவ்விந்தை ஏட்டில் ஏறியிராது.

டல்ஹௌசி பிரபு காலத்தில், 1854இல், பொதுப்பணித்துறை அமைந்தது. நாளடைவில் வேலைகளுக்கு விலை விகிதப் பட்டியல்கள் வகுக்கப்பெற்றன. ஆயினும் பரந்த நாட்டுக்கு ஒரே பட்டியல் போதுமா? இதற்கு மத்தியப் பொதுப்பணித்துறை கண்ட வழி எளியது. டெல்லியின் விலையை 100 எனக் கொள்வர். சிமெண்டு, இரும்பு, செங்கல், மணல், ஜல்லி, கூலி ஆகியவற்றின் உள்ளூர் விலையை, கட்டடத்தில் அவை பெறும் பங்கிற்கேற்பச் சேர்த்து, அவ்வூரின் குறியீட்டெண்ணைக் கணிப்பர். ஓர் ஊரின் எண் 110 என்று வைத்துக்கொள்வோம். ஆங்கு ஒரு லட்சம் ரூபாய் மதிப்பீடு 1,10,000 ஆகும்.

ஆனால் அன்பர்களே, இவ்வெண் விலையை மட்டுமே திருத்தும், மண்ணைத் திருத்தாது. கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட பள்ளுருத்தியில் சிறிது தோண்டினாலே நீர் ஊறும். தாழ்ந்த மனையை மண்ணிட்டு உயர்த்த வேண்டும். களிமண் இளகியிருப்பின் அடித்தளத்தை வலுப்படுத்த வேண்டும். இவற்றுக்குத் தனிக்கணக்கு வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் வேலை நின்றுபோகும் நாள்களையும் மறத்தலாகாது.

ஆதலின் ஊர்க்கணக்கிலிருந்து எத்தனை மூட்டை சிமெண்டு, எத்தனை ஆள்வேலை என்னும் அளவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விலையை இங்குள்ள கடையிலும், அடித்தளத்தின் ஆழத்தை இங்குள்ள மண்ணிலும் கேட்டறியுங்கள். அங்ஙனம் செய்யின் வீடும் நிறைவுறும், உறவும் நிலைக்கும்.