ஃபிளாரன்ஸில் முதல் நாள்: ஒரு கம்பிச் சாளரத்தின் கதை



இத்தாலி போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஃபிளாரன்ஸ் நகரில் முதல் நாள் நானும் என் தோழியும் பார்த்த ஓர் இடத்தைப் பற்றி மட்டும் இன்று எழுதுகிறேன். தோழி என்னோடு பணியாற்றிய கணக்கு டீச்சர்.

எல்லோரையும் போல முதலில் பேராலயத்தின் முன் போய் நின்றோம். அதன் பெரிய குவிமாடத்தை 1420இல் தொடங்கி 1436இல் முடித்தவர் புருனெல்லெஸ்கி. மேலே ஏற 463 படிகள். "என் முழங்காலுக்கு இது ஆகாது டீச்சர்" என்றார் தோழி. அதே மனிதர் கட்டிய இன்னொரு கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே படி குறைவு என்று சொல்லி அழைத்துப் போனேன்.

அதுதான் 'இன்னொசெந்தி' குழந்தைகள் காப்பகம். அந்தச் சொல்லுக்கு 'மாசற்றவர்கள்' என்று பொருள். ஏரோது மன்னன் கொன்ற பச்சிளம் குழந்தைகளின் நினைவாக வைத்த பெயர். முகப்பில் ஒன்பது வளைவுகள். அவற்றின் மேலே நீல வட்டங்களில், துணி சுற்றிய வெள்ளைக் குழந்தைகள் கைவிரித்து நிற்கின்றன. அந்தச் சுடுமண் சிற்பங்கள் ஆந்திரேயா தெல்லா ரோப்பியா செய்தவை.

பிராத்தோ ஊர் வணிகர் பிரான்செஸ்கோ தாத்தீனி 1410இல் இறக்கும்போது 1000 பொற்காசுகளை இதற்கென எழுதி வைத்தார். பட்டு வணிகர் சங்கம் பொறுப்பேற்று 1419இல் வேலையைத் தொடங்கியது. 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அன்று புனித ஆகத்தாவின் திருநாள் என்பதால் ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள். தொடக்க காலத்தில் வந்தவர்களில் பெண் குழந்தைகளே அதிகம். இதைச் சொன்னதும் தோழி, "அங்கேயுமா?" என்றார். சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது எங்கள் இருவர் நினைவுக்கும் வந்தது.

யார் அந்தத் தாய்மார்கள்? வறுமையில் இருந்தவர்கள் உண்டு. ஆனால் கருங்கடல் பக்கத்திலிருந்து விலைக்கு வாங்கி வரப்பட்டு, செல்வர் வீடுகளில் வேலை செய்த அடிமைப் பெண்களும் நிறையப் பேர். அந்தக் குழந்தைகளின் தகப்பன் பல நேரம் அந்த வீட்டு எசமானனே. தாத்தீனிக்கும் லூசியா என்ற அடிமைப் பெண்ணிடம் ஒரு மகள் பிறந்தாள். அவளைத் தம் வீட்டிலேயே வளர்த்து மணம் முடித்துக் கொடுத்தார். எல்லா எசமானர்களும் அப்படிச் செய்யவில்லை. தர்மம் செய்த கைகளுக்கும் அந்தத் தர்மம் தேவைப்பட்ட காரணத்துக்கும் ஒரே ஊர்தான் பிறப்பிடம்.

முகப்பின் இடது கோடியில் ஒரு கம்பிச் சாளரம் உண்டு. பிறந்த குழந்தை மட்டுமே நுழையும் அளவுக்கு இடைவெளி. 1875இல் அதை மூடிவிட்டார்கள். உள்ளே அருங்காட்சியகத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள். திறந்தால் பாதியாக உடைத்த ஒரு பதக்கம், ஒரு மணி, ஒரு காசு. மறுபாதி தாயிடம். என்றாவது திரும்பி வந்தால் அடையாளம் காட்டிப் பிள்ளையை அழைத்துப் போகலாம் என்ற நம்பிக்கை. இழுப்பறையில் இன்றும் இருப்பவை பாதிகள்தான். தோழி நாலைந்து இழுப்பறைகளைத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு திறக்கவில்லை.

ஒவ்வொரு குழந்தையும் வந்த நாள், உடுத்தியிருந்த துணி, கூட இருந்த பொருள் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். குழந்தைகளைப் பாலூட்டும் பெண்களிடம் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பல குழந்தைகள் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களுக்குப் படிப்பும் தொழிலும் உண்டு. ஆனால் இன்னொசெந்தி, நொசெந்தீனி என்று குடும்பப் பெயர் கொடுத்தார்கள். பெயரைக் கேட்டதுமே இவன் யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். காப்பாற்றிய இடமே நெற்றியில் எழுதியும் அனுப்பியது.

1988இல் யுனிசெஃப்பின் ஆய்வு மையம் ஒன்று அங்கே தொடங்கப்பட்டது.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் தகப்பனார் பெயர் இல்லாமல் ஒரு பிள்ளை வந்தால், வகுப்பில் எல்லோர் முன்னாலும் "உன் இனிஷியல் என்ன?" என்று கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, எப்படி எழுதலாம் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.