ஏடும் நாவும் காத்த நபிமொழி

பழம்பெரும் நூல்கள் ஏட்டினால் மட்டும் வாழ்ந்தவை அல்ல, நாவினாலும் வாழ்ந்தவை. தமிழ் பயில்வோர் இதனை நன்கறிவர். இறையனார் களவியலுக்கு நக்கீரர் கண்ட உரை, அவர்தம் மகனார் கீரவிகொற்றனார் தொடங்கி முசிறியாசிரியர் நீலகண்டனார் ஈறாக வழிவழி வந்த வரலாற்றை, இன்னார் இன்னார்க்கு உரைத்தார் என அவ்வுரையே பெயர் வரிசையுடன் கூறுகின்றது.

அரபு மக்கள் இம்முறையைத் தனியொரு கலையாகவே வளர்த்தனர். நபிகள் நாயகம் கி.பி. 632-இல் மறைந்தபின், அவர்தம் சொல்லையும் செயலையும் தோழர்கள் பிறர்க்கு அறிவித்தனர். ஒவ்வொரு நபிமொழிக்கும் இரு பகுதிகள் உண்டு. செய்தியை வழங்கியோரின் பெயர்த்தொடர் 'இஸ்னாத்' எனப்படும். செய்தி 'மத்ன்' எனப்படும். அறிவிப்பவர் வாய்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, தம் ஆசிரியரை உண்மையிலேயே சந்தித்தவரா என்றெல்லாம் அறிஞர் ஆராய்ந்தனர்.

ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. புகழ்பெற்ற புகாரி, முஸ்லிம் ஆகியோரின் தொகுப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டின. இடைப்பட்ட இரு நூற்றாண்டுகளில் செய்திகள் மாறாதிருந்தனவா? பல நபிமொழிகள் பிற்காலக் கருத்துப் போர்களில் தோன்றியவை என அங்கேரி நாட்டறிஞர் கோல்ட்சிஹர் 1890-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

இவ்வாராய்ச்சிக்குப் புதிய சான்றொன்றைத் தந்தவர் இந்தியாவின் ஹைதராபாத்தில் 1908-இல் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ். நபித்தோழர் அபூஹுரைராவிடம் பாடங்கேட்ட யேமன் நாட்டவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ். எட்டாம் நூற்றாண்டில் மறைந்தவர். அவர் பெயரால் வழங்கும் 'ஸஹீஃபா' என்னும் சிறு சுவடியில் 138 நபிமொழிகள் உள்ளன. பெர்லினிலும் டமாஸ்கஸிலும் இருந்த அதன் இரு கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கி, 1953-இல் ஹமீதுல்லாஹ் பதிப்பித்தார்.

ஹம்மாமின் மாணவர் மஃமர். மஃமரின் மாணவர் 827-இல் மறைந்த அப்துர் ரஸ்ஸாக். அவரிடம் கேட்டவர் 855-இல் மறைந்த அஹ்மத் இப்னு ஹன்பல். அஹ்மத் தம் 'முஸ்னத்' என்னும் பெருந்தொகுப்பில் இச்சுவடியை ஏறத்தாழ முழுமையாகவே சேர்த்திருந்தார். தனித்து வந்த படிகளை அதனோடு ஒப்பிட்டபொழுது, சிற்சில சொல் வேறுபாடுகளே காணப்பட்டன; பொருள் பெரிதும் மாறவில்லை. நூற்றாண்டுகள் பல கடந்தும் பாடம் நிலைத்திருந்தமை கண்டு அறிஞர் வியந்தனர்.

எனினும் சான்றின் எல்லையையும் உணர்தல் வேண்டும். சுவடியும் முஸ்னதும் அப்துர் ரஸ்ஸாக் என்னும் ஒருவரிடமே வந்து கூடுகின்றன. ஆகவே, அவ்விரண்டின் ஒற்றுமை அவர் காலம் முதலான பாடத்தை உறுதி செய்கின்றது. அதற்கு முற்பட்ட காலத்திற்கு அறிவிப்பாளர் தொடரையும், பிற வழிகளில் வந்த செய்திகளையும் துணைக்கொண்டே ஆராய்தல் வேண்டும். ஒரு சுவடியின் நம்பகத்தை எல்லா நபிமொழிகளுக்கும் ஏற்றிக் கூறுதலும் பொருந்தாது. ஐயத்தை எல்லாவற்றின்மீதும் ஏற்றுதலும் பொருந்தாது.

சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடங்கண்ட உழைப்பைத் தமிழுலகம் போற்றும். பெர்லின் படியையும் டமாஸ்கஸ் படியையும் அருகருகே வைத்தவரின் உழைப்பும் அவ்வினத்ததே. கேட்டதை யாரிடம் கேட்டோம் எனக் கூறுதலும், எழுதியதை மற்றொரு படியோடு ஒப்பிடுதலும் கல்வியின் அடிப்படை அறங்கள். அவை எம்மொழியார்க்கும், எச்சமயத்தார்க்கும் பொதுவானவை; மாணவர் தம் ஏட்டில் எழுதும் சிறு கட்டுரைக்கும் உரியவை.