போட்டிக்கான சிறுவடிவப் படை: தயாரிப்பும் வண்ணம் தீட்டலும்

வரலாற்றுப் போர் விளையாட்டில் மேசைமேல் நகர்த்தி ஆடுவதற்காக, குறிப்பிட்ட ஒரு காலத்தின், ஒரு நாட்டின் படையைக் காட்டும்படி வண்ணம் தீட்டி, விதிநூல் கூறும் அளவிலான அடித்தட்டுகளில் ஒட்டப்பட்ட சிறிய வீரர் உருவங்களின் தொகுதியே சிறுவடிவப் படை. உருவங்கள் ஈயம், வெள்ளீயக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்க்கப்படுகின்றன. தனி உருவம் ஒன்றைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதற்காகத் தீட்டுவது ஒரு கலை. நூற்றுக்கணக்கான கைகள் தொட்டு நகர்த்தப்போகும் படையைப் போட்டிக்குத் தயாரிப்பது அதிலிருந்து வேறான கலை. இக்கட்டுரை அதன் படிநிலைகளை, 15 மில்லிமீட்டர் அளவில் (உருவத்தின் தோராயமான உயரம்) அமைந்த அலெக்சாந்தர் காலத்து மாசிடோனியப் படையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வரலாறு

பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட ‘கிரீக்ஷ்பீல்’ விளையாட்டில் படைப்பிரிவுகளைச் சிறு கட்டைகள் குறித்தன. அதன் நோக்கம் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிப்பது. வீரர் பொம்மைகளை வைத்து ஆடும் பொழுதுபோக்கை விதிகளோடு பரப்பியவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், அவருடைய ‘லிட்டில் வார்ஸ்’ 1913இல் வந்தது. டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ (1962) நூலுக்குப் பிறகு பிரிட்டனில் ஆட்டக்காரர்கள் பெருகினர். பழங்காலப் போர்களில் ஆர்வமுள்ளவர்கள் 1965இல் ‘சொசைட்டி ஆஃப் ஏன்ஷியன்ட்ஸ்’ அமைப்பைத் தொடங்கினர். ஃபில் பார்க்கரும் அவருடைய குழுவினரும் நடத்திய ‘வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப்’ 1969 முதல் வெளியிட்ட விதிநூல்கள் போட்டி ஆட்டத்துக்கு அடித்தளமிட்டன. அவ்வரிசையில் 1990இல் வந்த ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்’ (சுருக்கமாக டிபிஏ) படையின் அளவை 12 தட்டுகளாகச் சுருக்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடுவதால் ஒரே நாளில் பல சுற்றுகள் நடத்த முடிந்தது.

படைப் பட்டியலும் அடித்தட்டும்

வேலை தொடங்குவது பிரஷ்ஷில் அல்ல, படைப் பட்டியலில். எந்தப் படையில் எத்தனை தட்டு ஈட்டி வீரர், எத்தனை குதிரைப்படை என்பதை விதிநூலின் பட்டியலே தீர்மானிக்கிறது. எகிப்து, சுமேர் தொடங்கி ஐரோப்பாவின் இடைக்கால இறுதி வரையிலான படைகள் டிபிஏ பட்டியலில் உள்ளன. பழந்தமிழர் படையும் சிங்களர் படையும் அதில் உண்டு. பல படைகளுக்கு ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கத்தக்க தட்டுகளும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றையும் சேர்த்தே தீட்டி வைத்துக்கொண்டால், எதிரியைப் பொறுத்துப் படையை மாற்றிக்கொள்ளலாம்.

15 மி.மீ. அளவில் எல்லாத் தட்டுகளின் முகப்பும் 40 மி.மீ.; ஆழம்தான் படைவகைக்கு ஏற்ப மாறும். நீளீட்டிக் காலாட்படைக்கு 15 மி.மீ. ஆழத்தில் நான்கு உருவங்கள். குதிரைப்படைக்கு 30 மி.மீ. ஆழத்தில் மூன்று, கவண் வீசுவோர் போன்ற இலகுக் காலாட்களுக்கு 20 மி.மீ. ஆழத்தில் இரண்டு, யானைக்கு 40 மி.மீ. சதுரத்தில் ஒன்று. 28 மி.மீ. உருவங்களுக்கு முகப்பு 60 மி.மீ.

நகர்வு, மோதல், பக்கவாட்டுத் தாக்குதல் எல்லாம் தட்டின் விளிம்பையும் மூலையையும் வைத்தே கணக்கிடப்படுகின்றன. ஆகவே தட்டு துல்லியமான செவ்வகமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டும் ஒரு மில்லிமீட்டர் கூடினால், ஆறு தட்டு கொண்ட அணி எதிரணியைவிட ஆறு மில்லிமீட்டர் நீண்டு, மூலைக்கு மூலை பொருந்தாமல் போகும். கத்தியால் வெட்டிய அட்டையைவிட லேசரால் வெட்டிய எம்டிஎஃப் பலகையைப் பலர் விரும்புவதற்கு இதுவே காரணம்.

சான்று தேடல்

என்ன நிறம் தீட்டுவது என்ற கேள்விக்கு மாசிடோனியப் படை நல்ல விடைகளைத் தருகிறது. போம்பெய் நகரில் 1831இல் கிடைத்த அலெக்சாந்தர் மொசைக் இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. சீதோனில் 1887இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ‘அலெக்சாந்தர் கல்லறைப் பேழை’ எனப்படும் பளிங்குப் பேழையில் பழைய வண்ணங்களின் தடயம் எஞ்சியிருக்கிறது. அது இஸ்தான்புல்லில் உள்ளது. தெசலோனிகி அருகே அகியோஸ் அதனாசியோஸ் கல்லறையின் சுவரோவியம் நீண்ட மேலாடையும் ஓவியக் கேடயமும் கொண்ட மாசிடோனிய வீரர்களை அவர்கள் காலத்து வண்ணத்திலேயே காட்டுகிறது.

சான்று இல்லாத இடத்தில் சாய அறிவு கைகொடுக்கும். மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து எடுத்த சிவப்பு, செங்கல் நிறத்தை ஒட்டியது. வெயிலிலும் மழையிலும் அது மங்கும். சாயமிடாத கம்பளி வெண்மஞ்சள், பழுப்பு, சாம்பல் நிறங்களில் இருக்கும். கருஞ்சிவப்பு ஊதா விலை உயர்ந்தது. அரசனையும் அவனுக்கு நெருங்கியவரையும் குறிப்பது. எனவே காலாட்படை முழுவதற்கும் ஒரே பளிச்சிடும் சிவப்பை அடிப்பதைவிட, ஒரே சிவப்பின் மூன்று நான்கு சாயல்களைக் கலந்து வைப்பதே உண்மைக்கு அருகில் நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கையில் படை உயிரோட்டமாகத் தெரிவதும் அப்போதுதான்.

உருவங்களைச் சீர்செய்தல்

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் உருவத்தின்மேல் ஒரு மெல்லிய கோடு விழும். உலோகம் கசிந்த இடங்களில் பிசிறு நிற்கும். இரண்டையும் கூரிய கத்தியாலும் சிறு அரத்தாலும் நீக்க வேண்டும். இல்லையேல் பின்னர் இடும் ஒவ்வொரு வண்ணப் பூச்சும் அந்தக் கோட்டை மேலும் எடுத்துக்காட்டும். பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் அச்சில் தடவிய பொடியும் எண்ணெய்ப்பசையும் போகும். ஈயம் கலந்த வார்ப்பைத் தேய்த்தபின் கை கழுவுவதும், பிரஷ்ஷின் நுனியை வாயில் வைத்துக் கூராக்காமல் இருப்பதும் கட்டாயம்.

மாசிடோனியப் படையில் மிகுந்த கவனம் கேட்பது ‘சரிசா’ என்னும் நீளீட்டி. அலெக்சாந்தர் காலத்தில் அது ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளம். ஏறக்குறைய நூறில் ஒன்றான இந்த அளவில் அது 55 மி.மீ. ஆகிறது. உருவத்தோடு சேர்த்து வார்த்த ஈட்டி எளிதில் வளைந்து, நிமிர்த்த நிமிர்த்த ஒடிந்துவிடும். ஆகவே கையில் சிறு துளையிட்டு எஃகுக் கம்பியை சூப்பர் க்ளூவால் பொருத்துவார்கள். முன்வரிசைகளின் ஈட்டி முனைகள் அணிக்கு வெளியே நீண்டிருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். மேசையிலோ நீளீட்டித் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று துணை சேர்ப்பவை. பின்தட்டின் ஈட்டிகள் படுக்கையாக நீண்டிருந்தால் முன்தட்டின் முதுகில் இடித்துத் தட்டுகள் ஒட்டி நிற்க முடியாது. முன்தட்டுக்குச் சாய்ந்த ஈட்டியும் பின்தட்டுக்கு நிமிர்ந்த ஈட்டியும் வைப்பது இதற்குத் தீர்வு.

வண்ணம் தீட்டல்

முதலில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு. கறுப்புப் பிரைமர் நிழலைத் தானே தரும், வெள்ளை மேல்நிறங்களைத் துலக்கும், சாம்பல் இடைப்பட்டது. ஸ்ப்ரேயை மெல்லிய பூச்சாக இருமுறை அடிப்பது, ஒரே கனத்த பூச்சாக அடித்து நுணுக்கங்களை மூடிவிடுவதைவிட நல்லது.

உருவங்களை ஐஸ் குச்சிகளில் நான்கைந்தாக ஒட்டிக்கொண்டு, ஒரு நிறத்தை எல்லா உருவங்களுக்கும் தீட்டி முடித்த பிறகே அடுத்த நிறத்துக்குப் போவது படை தீட்டுவோரின் வழக்கம். வரிசை உள்ளிருந்து வெளியே செல்லும்: தோல், உடை, மார்புக் கவசம், வார், உலோகம், கடைசியாக ஆயுதம். நீர் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட் சில நிமிடங்களில் உலர்வதால் இம்முறைக்குப் பொருந்துகிறது.

அடிப்படை நிறங்கள் முடிந்ததும், நீர்த்த கரும்பழுப்பு வாஷை உருவம் முழுதும் தடவினால் அது மடிப்புகளிலும் பள்ளங்களிலும் தேங்கி நிழலாக உலரும். பிறகு முழங்கால், தோள், மூக்கு, மடிப்பின் மேடு ஆகிய இடங்களில் மட்டும் பழைய நிறத்தைச் சற்று வெளுப்பாக்கி ஏற்ற வேண்டும். இத்தனை சிறிய உருவத்தில் இயல்பான ஒளி போதிய நிழலை விழச்செய்யாது. அதனால் இருளையும் வெளிச்சத்தையும் தேவைக்கு மேல் கூட்டித்தான் தீட்ட வேண்டும். படையைப் பார்ப்பவர் மேசையின் மறுபக்கம் நிற்பவர். அவருக்குக் கண்விழி தெரியாது. முகத்தின் வெளிச்சம், கேடயத்தின் வட்டம், குதிரையின் நிறம், கொடி ஆகியவையே தெரியும். நேரத்தைச் செலவிட வேண்டிய இடங்களும் அவையே.

கேடயம்

மாசிடோனியக் காலாளின் கேடயம் இந்த அளவில் ஆறேழு மில்லிமீட்டர் வட்டம். பட்டறிவுள்ளவர்கள் முதலில் இருண்ட பழுப்பை அடித்து, அதன்மேல் வெண்கல நிறத்தை ஏற்றி, விளிம்பில் மட்டும் பழுப்பை விட்டுவைப்பார்கள். நடுவில் எட்டுக் கதிர் விண்மீனை வரைய, முதலில் ஒரு கூட்டல் குறி, அதன் குறுக்கே ஒரு பெருக்கல் குறி, பிறகு நடுவில் ஒரு புள்ளி. சுற்றிலும் மாசிடோனியக் கேடயங்களுக்கே உரிய அரைவட்ட வளைவுகளை இட வேண்டும். கை நடுங்குவோருக்கு நீரில் நனைத்து ஒட்டும் படங்கள் கடைகளில் கிடைக்கின்றன.

வார்னிஷும் தரையும்

பளபளப்பான வார்னிஷ் உறுதியானது. மங்கலான வார்னிஷ் பார்வைக்கு இயல்பானது. ஆகவே முதலில் அதையும் மேலே இதையும் பூசுவது வழக்கம். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் வெண்படலம் படிந்து உழைப்பைக் கெடுத்துவிடும்.

தட்டில் பசை தடவி மணல் தூவி, உலர்ந்தபின் மண்ணிறம் பூச வேண்டும். ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர்நிறம் தொட்டு மேடுகளில் மட்டும் உரசி, செயற்கைப் புல்லைத் திட்டுத் திட்டாக ஒட்டினால் தரை அமைந்துவிடும். 12 தட்டுக்கும் ஒரே தரை இருப்பது அவசியம்: வெவ்வேறு காலத்தில் வாங்கிய, வெவ்வேறு சிற்பிகள் செதுக்கிய உருவங்களை ஒரே படையாக இணைப்பது அதுதான். தட்டின் அடியில் காந்தத் தாள் ஒட்டி இரும்புத் தகடு பதித்த பெட்டியில் வைத்தால் பயணத்தில் ஈட்டி ஒடியாது.

போட்டி மேசையில்

பிரிட்டனின் ‘பிரிட்கான்’, அமெரிக்காவின் ‘ஹிஸ்டாரிகான்’ போன்ற கூடல்களில் நடக்கும் போட்டிகள் பொதுவாக முழுமையாக வண்ணம் தீட்டி, சரியான தட்டில் ஒட்டிய படையையே எதிர்பார்க்கின்றன. இது அழகுக்காக மட்டும் அல்ல. எதிரே ஆடுபவர் கேட்காமலே எது நீளீட்டி, எது இலகுக் காலாள், தளபதி எந்தத் தட்டில் என்று கண்டுகொள்ள முடிவது ஆட்ட நேர்மையின் ஒரு பகுதி. தளபதியின் தட்டைக் கொடியாலும் ஊதா மேலாடையாலும் தனித்துக் காட்டுவது அதற்காகவே. பல போட்டிகளில் வெற்றிக்கு ஒரு பரிசும், நன்கு தீட்டிய படைக்குத் தனியாக ஒரு பரிசும் தருவதுண்டு.

40 மி.மீ. முகப்பு டிபிஏயோடு நின்றுவிடவில்லை. 1993இல் வந்த டிபிஎம், 2008இல் வந்த ‘ஃபீல்ட் ஆஃப் குளோரி’, பிரான்சில் உருவான ‘லார் டெ லா கேர்’ ஆகிய விதிகளிலும் அதே தட்டுகளை வைத்து ஆடலாம். விதிநூல்கள் மாறினாலும் படையைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டியதில்லை. சரியான அளவில், சான்றைப் படித்து, பொறுமையாகத் தீட்டிய படை அதைச் செய்தவரின் ஆட்டக் காலம் முழுவதும் களமிறங்கும்.