‘நகுசா’: சிறுமியர் உதறிய பெயர்

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டக் கிராமங்களில் பெண்கள் சிலருக்கு ‘நகுசா’ அல்லது ‘நகோஷி’ என்று பெயர். மராத்தியில் ‘நகோ’ என்றால் வேண்டாம், நகோஷி, வேண்டாதவள். அடுத்தடுத்துப் பெண் குழந்தைகள் பிறந்த வீடுகளில், இப்பெயரைச் சூட்டினால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை நிலவியது. தமிழகத்தின் ‘வேண்டாம்’, ‘போதும்பொண்ணு’ ஆகிய பெயர்களுக்கும் இதுவே பின்னணி. செல்லப்பெயராக இருந்திருந்தால் மறைந்திருக்கும். பள்ளிப் பதிவேட்டிலும் ஏறியதால் வகுப்பறையிலும் அது தொடர்ந்தது.

2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் நடத்திய விழாவில் 285 சிறுமியர் புதுப்பெயர் பெற்றனர். பலர் தாங்களே தேர்ந்தெடுத்தனர். திரை நட்சத்திரத்தை நினைத்து ஐஸ்வர்யா என வைத்துக்கொண்டவர்களும் உண்டு. புதிய பெயர் பொறித்த சான்றிதழ்கள் அவர்களுக்கு வழங்கப்பட்டன.